காபிக்கொட்டை வறுக்கும் உருளைக்கு எந்த மோட்டார்?

வீட்டில் காபிக்கொட்டை வறுக்க உருளை செய்பவர்கள் மிக்ஸி மோட்டாரைத் தொடவே வேண்டாம். அது நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும். கொட்டை புரளாமல் உருளைச் சுவரோடு ஒட்டிக் கருகிவிடும். அரைக் கிலோவுக்கு 50, 60 சுற்று தாராளம்.

குருபரப்பள்ளி போல ஓசூர்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலை ஊர்களில் இருப்பவர்கள் பழைய கார் வைப்பர் மோட்டாரைத் தேடிப் பிடிக்கலாம். வேகம் குறைக்கும் பல்சக்கரம் அதற்குள்ளேயே இருக்கிறது. 12 வோல்ட்தானா என்று கேட்டு வாங்குங்கள். லாரியில் கழற்றியது பெரும்பாலும் 24. கடையிலேயே பேட்டரியில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் வேண்டாம்.

கொட்டை வெடிக்கும் நேரத்தில் சூடு 200 டிகிரியை நெருங்கும். அதனால் நீண்ட தண்டு போட்டு, மோட்டாரை ஒரு சாணாவது தள்ளி வைத்து, நடுவே தகரத் தடுப்பு கட்டாயம் கொடுங்கள்.