குரல் இழந்தவர் கண்ட குரல்வளை

யாழிசைப்போன் தன் நரம்புகளைக் கண்ணால் காண்கிறான். கையால் தடவிச் செம்மை செய்கிறான். மிடற்றிசையாளனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அவன் கருவி அவனுள்ளேயே மறைந்து கிடக்கிறது. அம்மறைவை நீக்க வழி கண்டவர் மருத்துவர் அல்லர். மேடையில் தோல்வியுற்ற இசைநாடகக் கலைஞர் ஒருவரே என்பது நோக்கத்தக்கது.

மனுவேல் கார்சியா 1805ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டுக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையாரும் அதே பெயருடையவர். ரொசினி தம் 'செவில் நகர நாவிதன்' இசைநாடகத்தின் தலைவன் பாத்திரத்தை அவர் குரலுக்கென்றே அமைத்தார். 1825இல் அக்குடும்பம் நியூயார்க் சென்று அந்நாடகத்தை அரங்கேற்றியபோது, இருபது வயது மகன் நாவிதனாக நடித்துப் பாடினார். இளமையிலேயே ஓய்வின்றிப் பாடியதால் அவர் குரல் நைந்தது. ஐரோப்பா திரும்பியபின் மேடையையே துறந்தார். பாட இயலாதவர் பாடக் கற்பிப்பதா என்று எள்ளுவோர் எக்காலத்தும் உளர். ஆயின் தம் குரல் ஏன் கெட்டது என்னும் வினாவே கார்சியாவை ஆசிரியராக்கியது எனலாம். படை மருத்துவமனைகளில் பணியாற்றிக் குரல்வளையின் அமைப்பை அவர் பயின்றார்.

ஜென்னி லிண்ட்

1841இல் சுவீடனிலிருந்து இருபது வயது நங்கை ஒருத்தி பாரிசு நகருக்கு அவரைத் தேடி வந்தாள். தாய்நாட்டில் புகழ்பெற்ற நாடகப் பாடகி. அளவிறந்து பாடிக் குரல் கம்மிப் போயிருந்தாள். அவள் பாடலைக் கேட்ட கார்சியா, "உன்னிடம் இப்போது குரலே இல்லை" என்னும் பொருள்படக் கூறினார். அவள் கண்ணீர் விட்டாள். ஆறு வாரம் பாடவே கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்பதே அவர் இட்ட முதற்பாடம். (கட்டணம் செலுத்திப் பேசாதிருக்கக் கற்கும் பொறுமை நம் மாணவர்க்கு உண்டோ!) ஆறு வாரம் கழித்துக் குரலில் தெளிவின் சாயல் தென்பட்டது. அதன்பின் மூச்சை அளந்து விடுதல், ஒலியை அழுத்தமின்றித் தொடங்குதல் என அடியிலிருந்தே பயிற்றுவித்தார். ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப் பின் திரும்பிய ஜென்னி லிண்ட், ஐரோப்பாவும் அமெரிக்காவும் போற்றும் பாடகியானார்.

கண்ணாடியில் கண்டது

1848இல் கார்சியா இலண்டன் சென்று இராயல் அகாடமி இசைக்கல்லூரியில் ஆசிரியரானார். 1854இல் பாரிசு சென்றிருந்தபோது, நீண்ட கைப்பிடியுடைய பல் மருத்துவக் கண்ணாடி ஒன்றை விலைக்கு வாங்கினார். அதனை வெந்நீரில் வெதுப்பி, உள்நாக்கின்மேல் பொருத்தி, மற்றொரு கண்ணாடியால் கதிரொளியைத் தொண்டைக்குள் செலுத்தினார். தம் குரல்வளை விரிய மலர்ந்து தோன்றிற்று. கண்ணாடி கொண்டு குரல்வளையைக் காண முன்னரும் முயன்றோர் உண்டு. ஆயினும் பாடும்போது அது இயங்கும் முறையை விரிவாகக் கண்டு எழுதியவர் கார்சியாவே. மூச்சு விடும்போது பிளவு அகல்வதும், ஒலிக்கும்போது குரல்நாண்கள் நெருங்குவதும், சுருதி உயர உயர அவை இறுகுவதும் 1855இல் இலண்டன் இராயல் கழகத்தின் முன் வைத்த கட்டுரையில் விளக்கப்பெற்றன. சில ஆண்டுகளில் வியன்னாவைச் சார்ந்த டுர்க்கும் பெஸ்ட் நகரைச் சார்ந்த செர்மாக்கும் அக்கண்ணாடியை நோயறி கருவியாக்கினர். பாடகர் தம் ஐயம் தீரச் செய்த முயற்சி நோயாளர்க்குப் பயன்பட்டது.

நம் தொல்காப்பியர் பிறப்பியலில் உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுதலைக் கூறியுள்ளமை ஈண்டு நினையத்தக்கது. அவர் கூறியது எழுத்துப் பிறப்பே, இசைப்பயிற்சி அன்று. எனினும் மேலைநாட்டார் 'நெஞ்சுக்குரல்', 'தலைக்குரல்' என வகுத்தலைக் காணும்போது அந்நூற்பா நினைவுக்கு வராமற் போகாது.

கார்சியாவின் கருத்துகளுள் ஒன்று பெரிதும் திரிபுற்றது. ஒலி தொடங்குமுன் குரல்நாண்கள் செம்மையாகப் பொருந்த வேண்டும் என்பதனை அவர் 'குரல்நாண் தட்டு' என்னும் பொருளுடைய பிரெஞ்சுத் தொடரால் குறித்தார். தட்டு என்றதும் தொண்டையை இடித்துப் பாடத் தொடங்கினர் சிலர். இருமுதல் போன்ற வன்செயல் அது அன்று என அவர் முதுமையிலும் விளக்க வேண்டியிருந்தது. ஒரு சொல்லின் பிழையான பொருள் எத்தனை மிடறுகளைப் புண்படுத்தியதோ!

1895 வரை அவர் அக்கல்லூரியில் கற்பித்தார். 1905இல் அவர்தம் நூறாம் பிறந்தநாளன்று தொண்டை மருத்துவர்கள் இலண்டனில் திரண்டு பாராட்டினர். மறு ஆண்டு சூலைத் திங்களில் காலமானார்.