முறையும் பொழுதும்
(கணிப்பொறிப் போர்விளையாட்டுகளில் காத்திருத்தல் குறித்த ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

கல்லூரி விடுதியொன்றில் மாணவர் நால்வர் ஒரே கணிப்பொறியின் முன்னமர்ந்து போர்விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்ததை இக்கட்டுரையாளர் ஒருமுறை காண நேர்ந்தது. முதல்வன் தன் படையை நகர்த்திப் போரொன்றைத் தொடங்கினான். அப்போர் முடியக் கால்மணி நேரமாயிற்று. இரண்டாமவனும் அவ்வாறே செய்தான். மூன்றாமவன் ஆடத் தொடங்கியபோது நான்காமவன் எழுந்து தேநீர் அருந்தச் சென்றான், சென்றவன் திரும்பவில்லை. அவன் இன்றி ஆட்டம் தொடர இயலாமற்போகவே ஏனையோரும் கலைந்தனர். தோற்றவனும் இல்லை, வென்றவனும் இல்லை. ஆட்டத்தைக் கலைத்தது பகைவனின் படையன்று, காத்திருப்பே என்பது அன்று புலனாயிற்று. அக்காத்திருப்பின் இயல்பையும், அதனை நீக்க ஆட்டம் அமைப்போர் மேற்கொண்ட வழிகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முறைவைத்து ஆடும் போர்விளையாட்டில் ஒருவர் தம் படைகள் அனைத்தையும் நகர்த்தி முடித்த பின்னரே அடுத்தவர் தொடுதல் கூடும். மந்திரவாதிகள், பறக்கும் நாகங்கள், எலும்புக்கூட்டுப் படைகள் முதலிய கற்பனைப் பொருள்கள் நிறைந்த விளையாட்டுகளில் இம்முறை பெருவழக்காக உள்ளது. நால்வர் ஆடுமிடத்து, ஒவ்வொருவரும் ஒத்த நேரம் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் ஒருவர் ஆடுவது 15 நிமிடம். காத்திருப்பது 45 நிமிடம். எண்மர் ஆடினால் காத்திருப்பு எட்டில் ஏழு பங்காகும். எளிய கணக்குத்தான், ஆயினும் ஆட்டம் வகுப்போரை நெடுங்காலமாக வருத்திவரும் கணக்கு இது.

பழைய சதுரங்கத்தில் இச்சிக்கல்

இச்சிக்கல் கணிப்பொறியோடு பிறந்ததன்று. இந்தியச் சதுரங்கம் பாரசீகம் சென்று, அங்கிருந்து அரபு நாடுகளில் ‘ஷத்ரஞ்சு’ எனப் பரவியது. அப்பாசிய கலீபாக்கள் காலத்தில் அல்-அத்லீ, அஸ்-ஸூலீ முதலியோர் அதில் பெரும்புலமை பெற்று நூல்களும் இயற்றினர். அவ்வாட்டத்தில் இன்றைய அரசி இல்லை. அவளிடத்தில் நின்ற அமைச்சன் மூலைவாட்டில் ஒரு கட்டமே செல்வான். யானை மூலைவாட்டில் இரண்டாம் கட்டத்திற்குத் தாவும். காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். எனவே இரு படைகளும் ஒன்றையொன்று நெருங்குதற்குள் பல முறைகள் கழிந்துவிடும். இதனால் ஆட்டக்காரர் ‘தஅபிய்யா’ எனப்பட்ட அணிவகுப்புகளைப் பயின்று வைத்திருந்தனர். பயின்ற அணியை முதலில் அமைத்துக்கொண்டு, அதன் பின்னரே உண்மையான சிந்தனைப் போரில் இறங்குவர். ஆட்டத்தின் மந்தத்திற்கு அவர்கள் கண்ட மருந்து இது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில் அரசிக்கும் அமைச்சர்க்கும் நெடுந்தொலைவு செல்லும் ஆற்றல் தரப்பட்டமை அம்மந்தத்தை முற்றாகவே போக்கிற்று.

ஆட்டம் விரைவு பெற்றபின் ஆடுபவரின் மந்தம் தலைதூக்கியது. 1851இல் இலண்டனில் நிகழ்ந்த பன்னாட்டுப் போட்டியில், எலைஜா வில்லியம்ஸ் என்பார் அளவிறந்த நேரம் சிந்திக்கிறார் என அவரிடம் தோற்ற ஹோவர்ட் ஸ்டாண்டன் மனம் நொந்து முறையிட்டார். (தோற்றவர் கூற்று ஆதலின் சற்றுத் தள்ளியே கொள்ளல் வேண்டும்.) பின்னர் மணற்கடிகை வந்தது, 1883ஆம் ஆண்டு இலண்டன் போட்டியில் இரட்டைக் கடிகாரம் வந்தது. பாபி ஃபிஷர் 1988இல் ஒரு புதுக் கடிகாரத்திற்குக் காப்புரிமை வேண்டினார். ஒவ்வொரு நகர்வுக்கும் சில நொடிகளைக் கூட்டித் தருவது அதன் தனித்தன்மை. இக்கருத்தைப் பின்னர் மீண்டும் காண்போம்.

களம் நுழைந்ததும் நிகழ்வது

சதுரங்கத்தில் ஒரு காயை மற்றொரு காய் வெட்டுதல் ஒரு நொடியில் முடியும். கணிப்பொறி விளையாட்டிலோ அவ்வெட்டு ஒரு தனிப்போராக விரிகிறது. அமெரிக்காவின் நியூ வேர்ல்ட் கம்ப்யூட்டிங் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்த ‘ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக்’ மூன்றாம் பகுதியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அதில் ஒருமுறை என்பது ஒரு நாள். ஏழு நாள் ஒரு கிழமை. தலைவன் நாடெங்கும் சென்று பொருள் ஈட்டுவான். கிழமை பிறக்கும்போது புதுப்படை சேர்ப்பான். இரு படைகள் சந்தித்தால் நிலப்படம் மறைந்து, அறுகோணக் கட்டங்களாலான போர்க்களம் தோன்றும். ஒரு தலைவனிடம் ஏழு படைப்பிரிவு வரை இருத்தல் கூடும். விரைவு மிக்க பிரிவு முன்னர்ச் செயற்படும். தாக்கப்பட்ட பிரிவு, சிலவற்றின் நீங்கலாக, ஒரு சுற்றில் ஒருமுறையே எதிர்த்தாக்கும். எனவே தேர்ந்தவன் எளிய பிரிவொன்றை முதலில் ஏவி எதிர்த்தாக்குதலை அதன்மேல் வாங்கிக்கொண்டு, பின்னர் வலிய பிரிவை ஏவுவான். பொறுத்திருக்கும் ஆணையைக் கொடுத்துச் சுற்றின் இறுதியில் தாக்கிப் பின்வாங்குதலும் உண்டு. தலைவன் சுற்றுக்கு ஒரு மந்திரமே ஏவலாம் ஆதலின் எதனை எப்போது ஏவுவது என்பதே வெற்றியை முடிவுசெய்யும்.

இவையெல்லாம் சிந்திக்கச் சிந்திக்க இன்பம் பயப்பவை. ஆயின் அவ்வின்பம் போரிடுவோர்க்கே உரியது. போரில் பங்கேற்காதவர் அப்பொழுதெல்லாம் வாளாவிருத்தல் வேண்டும். போர் எவ்வளவுக்கு ஆழமுடையதோ அவ்வளவுக்கு மூன்றாமவன் காத்திருப்பு நீளும். ஆழமும் விரைவும் ஒன்றோடொன்று பகைத்து நிற்கும் இடம் இதுவே. விடுதி மாணவர் ஆடியதும் இவ்வாட்டமே.

தீர்வுகள் சில

நெதர்லாந்தின் டிரையம்ஃப் ஸ்டூடியோஸ் உருவாக்கத்தில் பங்கேற்று 1999இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் ஒண்டர்ஸ்’ எல்லாரும் ஒரே வேளையில் நகரும் வழியையும் வைத்தது. காத்திருப்பு பெரிதும் குறைந்தது. ஆயின் புதிய கேடு ஒன்று நுழைந்தது. பகைவர் இருவர் அருகருகே நிற்கும்போது, முறை பிறந்த கணத்தில் எவன் கை முந்துகிறதோ அவனே முன்தாக்குபவன் ஆகிறான். சிந்தனையின் ஆட்டம் கைவேகத்தின் ஆட்டமாகிறது. இணைப்பு மெதுவாக உள்ள ஊரில் இருப்பவன் அறிவுடையனாயினும் பிந்துகிறான். படைகள் நெருங்கும் வரை உடன்நகர்ந்து, நெருங்கியபின் முறைவைத்து ஆடும் வழக்கம் பிற்காலத்தில் சில ஆட்டங்களில் ஏற்பட்டது. ஷத்ரஞ்சு ஆடியோர் கையாண்ட உத்தியின் மறுபிறப்பாகவே இதனைக் கருதத் தோன்றுகிறது.

சுவீடன் நாட்டு இல்வின்டர் நிறுவனத்தின் ‘டொமினியன்ஸ்’ வேறொரு வழி சென்றது. ஆடுவோர் அனைவரும் தத்தம் ஆணைகளை எழுதி அனுப்புவர். எல்லா ஆணைகளும் ஒருங்கே நிறைவேற்றப்படும். போர்க்களத்தில் ஆடுபவனுக்கு இடமே இல்லை. படைத்தலைவன் தொடக்கச் சுற்றுகளில் செய்யவேண்டுவனவற்றை முன்னரே வகுத்துக் கொடுத்துவிட்டு, நிகழ்ந்த போரைப் பின்னர்க் காணலாம், அவ்வளவே. முந்துதல், பிந்துதல் என்ற வேறுபாடு ஒழிந்தது. கடிதம் அனுப்பி ஆடுவதுபோல், நாளுக்கு ஒருமுறை என்ற அளவில் பல மாதங்கள் நடக்கும் ஆட்டங்களும் உண்டு. ஆயினும் தன் மந்திரவாதி பகைவனை விட்டுத் தன் படைமீதே தீமழை பொழிவதைத் தடுக்க இயலாமல் பார்த்துக்கொண்டிருத்தல் எல்லார்க்கும் உவப்பானதன்று.

வெஸ்னோத் காட்டும் நெறி

டேவிட் ஒயிட் என்பார் 2003இல் தொடங்கி வைத்து, பின்னர்ப் பன்னாட்டு ஆர்வலர் பலரால் வளர்க்கப்பட்டு, விலையின்றிக் கிடைக்கும் ‘பேட்டில் ஃபார் வெஸ்னோத்’ என்னும் ஆட்டமே இக்கட்டுரையாளர் மிகவும் மதிப்பது. இதில் தனிப்போர்க்களம் இல்லை, நிலப்படமே போர்க்களம். ஒரு வீரன் அடுத்த கட்டத்துப் பகைவனைத் தாக்கினால் இருவரும் மாறிமாறி வெட்டுவர். சில நொடிகளில் முடிந்துவிடும். அவ்வாறாயின் ஆழம் எங்கே உள்ளது? நிலத்திலும் பொழுதிலும் உள்ளது.

வெளிநிலத்தில் நிற்கும் மனித வீரன்மேல் அடி விழும் வாய்ப்பு 60 விழுக்காடு. கோட்டையிலோ ஊரிலோ நின்றால் 40. ஆழமற்ற நீரில் நின்றால் 80. பொழுதோ ஆறு முறைகளைக் கொண்டது: விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, முன்னிரவு, பின்னிரவு. பகல் இரண்டிலும் ஒழுங்குப் படையினர் 25 விழுக்காடு மிகுவலி பெறுவர். இரவு இரண்டிலும் அவ்வளவு இழப்பர். இருட்படையினர்க்கு இது தலைமாறி நிற்கும். ஈட்டிவீரன் ஓர் அடிக்கு 7 என மூன்றடி அடிப்பவன். பகலில் அது 9, இரவில் 5. ஓர்க் வீரன் 9 என ஈரடி அடிப்பவன். பகலில் 7, இரவில் 11. அதே இருவர், அதே இடம். பொழுது மாறியதும் வலியோன் மெலியோன் ஆகிறான். எனவே பகலில் முன்னேறியவன் அந்தியில் ஊர்களுக்குள் பின்வாங்குதல் வேண்டும். ஆட்டத்தின் நடை முழுதும் இவ்வேற்றவற்றத்தாலேயே அமைகிறது. காத்திருப்பவனுக்கும் வேலை உண்டு. அடுத்த பொழுது யாருடையது என எண்ணி இடம் தேர்தலே அவ்வேலை.

வாய்ப்பின் கை இதில் ஓங்கியுள்ளது என்னும் குறையை மறுத்தற்கில்லை. வெளிநிலத்தில் நிற்பவன்மேல் மூன்றடியும் தவறுதல் 6.4 விழுக்காட்டளவில் நிகழ்வதே. இறுதி அடி தவறியமையால் அரசிழந்தோர் பலர். ஒருவனையே நம்பாமல் இருவரை அருகில் நிறுத்திவைப்பதே அறிந்தோர் செயல்.

முன்னர்ச் சுட்டிய ஃபிஷர் கடிகாரத்தின் கருத்து இவ்வாட்டத்தில் நுட்பமாக ஆளப்பட்டுள்ளது. ஒவ்வொரு முறைக்கும் கூட்டுநேரம் உண்டு. சேர்த்துவைக்கும் நேரத்திற்கு மேல்வரம்பும் உண்டு. அதனோடு ஒரு வீரன் தாக்கினால் அதற்கெனத் தனியே சில நொடிகள் சேரும். போரிடுபவனுக்கு நேரம் அளிக்கப்படுகிறது. வாளா தயங்குபவனுக்கு அளிக்கப்படுவதில்லை. ஆழத்திற்கும் விரைவிற்கும் இருந்த பகை இவ்விடத்தே ஓரளவு தணிகிறது. ஹீரோஸ் ஆட்டத்துப் போர்க்களத்தின் செழுமை இதில் இல்லை என்பதனை அன்பர்கள் சுட்டுவர், அஃது உண்மையே. நால்வர் ஒருங்கே முடிக்கக்கூடிய ஆட்டம் எது என்பதே ஈண்டு வினா.

விடுதி மாணவர் நால்வரும் பின்னர் இவ்வாட்டத்தைக் கடிகாரத்துடன் ஆடினர். முன்பு எழுந்து சென்றவன் இம்முறை இருக்கையை விட்டு நகரவில்லை. அந்தி வந்த முறையில் தன் ஈட்டிவீரரை ஆற்றைக் கடத்தி அக்கரை ஊருக்குள் சேர்க்க எண்ணியவன், எவனை முதலில் நகர்த்துவது என நெடிது சிந்தித்தான். மூவர் நீருக்குள் நிற்கையிலேயே அவன் நேரம் முடிந்தது. அடுத்துப் பிறந்தது முன்னிரவு. ஓர்க் படை அவன் தோழனுடையது.