வராது, இன்னும் வரவில்லை

நுழையும்முன்
அறிவு பிறவியிலேயே அளந்து தரப்பட்டதா, முயற்சியால் பெருகுவதா? இவ்வினாவிற்கு ஒரு மாணவர் தமக்குள் கூறிக்கொள்ளும் விடை, அவர் கற்கும் முறையையே மாற்றிவிடும். அவ்விடையை உருவாக்குவதில் வகுப்பறைக்கும் பெரும்பங்குண்டு.

சொல்லில் உறையும் காலம்
'எனக்குக் கணக்கு வராது' என்பது வகுப்பறைகளில் அடிக்கடி கேட்கும் தொடர். 'வராது' என்னும் எதிர்மறை வினைமுற்று, வரும் நாளையும் சேர்த்து மூடிவிடுகிறது. 'கணக்கு இன்னும் வரவில்லை' என்பதோ இதுவரை நிகழ்ந்ததை மட்டும் கூறி, நாளையைத் திறந்து வைக்கிறது. முன்னது நிலைத்த மனப்பான்மை. பின்னது வளர் மனப்பான்மை. அமெரிக்க உளவியல் அறிஞர் கரோல் டுவெக் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட 'மைண்ட்செட்' என்னும் நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது.

பாராட்டும் முறை
டுவெக்கும் கிளாடியா முல்லரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் சில புதிர்களை விடுவித்தனர். ஒரு சாராரின் அறிவுக்கூர்மையும் மற்றொரு சாராரின் முயற்சியும் பாராட்டப்பட்டன. அடுத்து, அறிவுக்காகப் பாராட்டப்பட்டோருள் பலர் எளிய பணியையே நாடினர். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டோருள் பெரும்பாலோர் புதிதாகக் கற்பிக்கும் கடினப் பணியைத் தேர்ந்தனர். 'கெட்டிக்காரர்' என்னும் பெயரைக் காக்க விரும்புபவர் தவறு நேரும் இடத்திற்கே செல்லமாட்டார். தவறு நேராத இடத்தில் புதிய கற்றலும் நிகழாது.

மலையடிவாரத்துப் பாடம்
சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினால் தாளவாடிப் பகுதியை அடையலாம். கன்னடம் பேசுவோரும், தமக்கெனப் பேச்சுமொழி கொண்ட சோளகர், ஊராளி ஆகிய பழங்குடியினரும் இம்மலைகளில் வாழ்கின்றனர். வீட்டில் பேசும் மொழி ஒன்றாகவும் பாடநூலின் மொழி வேறாகவும் அமைந்த குழந்தை, தொடக்கத்தில் தட்டுத் தடுமாறியே படிக்கும். அத்தடுமாற்றத்தைக் கண்டு 'இவனுக்குப் படிப்பு ஏறாது' என்று முடிவு கட்டுவது, மொழித்தொலைவை அறிவுக்குறை எனப் பிழையாக அளப்பதாகும். குழந்தையின் மொழியிலிருந்து தொடங்கிப் பாடமொழிக்கு அழைத்துச் செல்வதே முறை.

ஊக்கமொழி மட்டும் போதுமா?
அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ 12,000 பேரிடம் நடத்தப்பெற்ற ஆய்வு 2019இல் வெளியானது. வளர் மனப்பான்மை குறித்த சிறு பயிற்சி, பின்தங்கிய மாணவரின் மதிப்பெண்ணைச் சிறிதளவே உயர்த்தியது. கடினமானதை முயல்வதை உடன்பயில்வோர் மதித்த பள்ளிகளில் அப்பயன் மிகுந்தது. எனவே, 'முயன்றால் முடியும்' என்று கூறிவிட்டு வழிகாட்டாமல் விட்டால், தோல்வியின் பழி முழுவதும் மாணவர்மீதே விழும். விடைத்தாளில் மதிப்பெண்ணோடு, எந்தப் படியில் பிழை நேர்ந்தது என ஒரு வரி எழுதித் தருதல். திருத்தி மீண்டும் எழுத வாய்ப்பளித்தல். தவறான விடையைக் கேட்டு நகைக்காதிருத்தல் ஆகியன அந்நம்பிக்கைக்கு உரமாகும். இவற்றுள் இறுதியானது மாணவர்கள் கையிலேயே உள்ளது.

தெரிந்து தெளிவோம்
கோவையை அடுத்த கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிக்கல்வியைத் தொடக்க வகுப்புகளிலேயே விட்டவர். உணவகத்தில் பணிபுரிந்து பொருள் சேர்த்து மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதைப் பிரித்தும் பூட்டியும் அதன் இயக்கத்தைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து இயக்கினார்.

கற்பவை கற்றபின்
1. 'வராது', 'முடியாது', 'தெரியாது' என நீங்கள் கூறும் தொடர்களைத் தொகுத்து, 'இன்னும்' சேர்த்து மாற்றி எழுதிப் பொருள் வேறுபாட்டை விளக்குக.
2. அண்மைத் தேர்வில் நேர்ந்த பிழை ஒன்றைத் தேர்ந்து, அதன் காரணத்தையும் திருத்தும் வழியையும் குழுவில் கலந்துரையாடுக.