உடம்படுமெய்யும் மூலைத்தகடும்

பாலை என்பது நிலைமொழி. ஊற்று என்பது வருமொழி. முன்னதன் ஈற்றில் ஐகாரமும் பின்னதன் முதலில் ஊகாரமும் நிற்றலால், உயிரோடு உயிர் நேரே பொருந்தாது. ஆதலின் இடையே யகரமெய் தோன்றிப் 'பாலையூற்று' என்றாயிற்று. இம்மெய்யைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலில் உடம்படுமெய் என்பர். இந்துக் கல்லூரி மாணாக்கர் யாவரும் கீழ்வகுப்பிற் கற்ற பாடமே இது. அதனை மீண்டும் ஒருமுறை, பாலையூற்றிலுள்ள எம் இல்லத்திலேயே, யாம் கற்க நேர்ந்தது.

எம் கூடத்தின் குறுக்கே செல்லும் உத்தரத்தை ஜிப்சம் பலகையால் மூடுவித்தோம். அதன் விளிம்பு 18 அடி நீளம். விளிம்பு உடையாமற் காக்கும் நாகம் பூசிய மூலைத்தகடோ 10 அடி நீளமே உடையது. எனவே ஓரிடத்திற் பொருத்து இன்றியமையாததாயிற்று. முதலில் வந்த வேலையாள் ஒரு தகட்டின்மேல் மற்றதை ஏற்றி அறைந்து, மேடு தெரியாவண்ணம் பூச்சை அப்பிச் சென்றார். சில திங்களில் அவ்விடம் புடைத்து வெடித்தது.

அதனைத் திருத்த வந்தவர் எம் பழைய மாணாக்கர்; கட்டாரில் இவ்வேலை பயின்று மீண்டவர். "சேர், பூச்சு வெடிப்பை மூடும், கோணலை மூடாது" என்றார். அவர் செய்த முறையை மாணவர் பயன்கருதி ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, இருமுனைக்கும் நூல் கட்டி விளிம்பின் நேர்மையைக் கண்டார். இரண்டாவது, தகட்டின் முனையை இரும்பு வாளால் செங்கோணமாக அறுத்தார். கத்தரியால் வெட்டின் தகட்டின் மூக்கு நசுங்கிவிடும் என்பது அவர் கூற்று. பின்பு பிசிறை அரத்தால் நீக்கினார். அறுத்த முனையில் நாகப்பூச்சு அற்றுப்போதலின், எம் துறைமுகத்து உப்புக்காற்றுக்கு அது விரைவிற் துருவேறும்; அதனைத் தடுக்கும் வர்ணத்தை அங்கே தடவினார்.

மூன்றாவதே முதன்மையானது. தலை நீக்கிய மெல்லிய ஆணி ஒன்றை எடுத்து, ஒரு தகட்டின் மூக்கிலுள்ள குழிவிற் பாதியும் அடுத்த தகட்டின் குழிவிற் பாதியுமாகச் செலுத்தினார். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது, முனையோடு முனை முட்டி ஒரே கோட்டில் நின்றன. அதன் பின்னரே பொருத்தின் இருமருங்கும், ஓரங்குலத்துக்குள், இருபக்க இறகுகளிலும் ஆணி அறைந்தார். மட்டப்பலகையை வைத்தும் விரலால் தடவியும் சோதித்தார்.

ஈற்றில், இறகுகளின் பொருத்தின்மேல் மட்டும் கடதாசி நாடா ஒட்டி, ஜிப்சம் பூச்சை மும்முறை மெல்லிதாக, முறைக்குமுறை அகலமாக இட்டார். ஒவ்வொரு முறையும் நன்கு காயவிட்டார். மாரிக்காலத்தில் அதற்குப் பொறுமை வேண்டும். நிலைக்குத்தான மூலையாயின், முழு நீளத் தகட்டைக் கீழே வைத்துப் பொருத்தைக் கண்மட்டத்துக்கு மேலே அமைத்தல் நன்று என்றும் கூறினார்.

அத்தலையற்ற ஆணியே அவ்விரு தகட்டுக்கும் உடம்படுமெய். அஃது உள்ளே நில்லாவிடின் வெளிப்பூச்சால் ஆவது யாதுமில்லை.

இன்னொன்றையும் மறையாது உரைத்தல் வேண்டும். புணர்ச்சி விதியை ஒப்புவிக்க இயலாது நின்ற இம்மாணாக்கரை, "நீ சாந்து குழைக்கவே தகுதி" என வகுப்பினர் முன் யாம் ஒருநாள் இகழ்ந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் எனச் சான்றிதழ் பெற்ற எமக்கு அச்சொல் தகாது. சாந்து குழைத்தலையும் அவரையும் ஒருங்கே இழித்துரைத்தோம். அவரோ அதனை நினைவூட்டாது, கூலியிற் பாதியையும் வாங்க மறுத்தார். முழுவதையும் அவர் கையில் வைத்து, "தம்பி, அன்று பிழைத்தது எம் வாய்" என்றோம்.

உடன் ஆசிரியர்காள், கரும்பலகையின்முன் தடுமாறும் பிள்ளையின் கையில் எத்திறன் உறைகின்றதென யாம் அறியோம். அறியாதவிடத்து இகழாதிருத்தலே எம் முதற் கடன்.