பிரிண்டர் ஓடவில்லை என்று பூட்டை உடைக்கலாமா?



கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், கிட்டங்கியில் ஒன்று, கணக்குப்பிள்ளையிடம் ஒன்று. மூன்றுக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஒரே பிரிண்டர். சிறு கடைகளிலும் இன்று இதுதான் ஏற்பாடு. இதில் தடங்கல் வந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் கடையில் ரௌட்டரை மாற்றிய மறுநாள், லாரி வாசலில் நிற்க, கிட்டங்கியிலிருந்து பில் அச்சாகவில்லை. பழுது பார்க்க வந்தவர் பத்தே நிமிடத்தில் ஓட வைத்தார். சில வாரம் கழித்து, எங்கள் வைஃபையை வாங்கிப் பயன்படுத்திய விற்பனைப் பிரதிநிதி ஒருவர், தம் கைப்பேசியில் எங்கள் கொள்முதல் விலைப்பட்டியலையே திறந்து காட்டி, "அண்ணாச்சி, முதலில் இதை மூடுங்கள்" என்றார். வந்தவர் ஃபயர்வால் என்னும் காவலை நிறுத்தி, பாஸ்வேர்டையும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார்! நல்லவர் கண்ணில் பட்டதால் தப்பினோம்.

ஆகவே, வரிசையாகப் பார்ப்போம்.

1. பிரிண்டர் இணைந்துள்ள கம்ப்யூட்டரிலேயே ஒரு பக்கம் அச்சடித்துப் பாருங்கள். வரவில்லையென்றால் கோளாறு அங்கேதான். சிக்கி நிற்கும் ஒரு பில், பின்னால் வரும் அத்தனையையும் தடுக்கும், அதை நீக்குங்கள். அந்தக் கம்ப்யூட்டர் 'ஸ்லீப்' நிலைக்குப் போனாலும் மற்றவற்றில் அச்சு வராது.

2. வயர் செருகிய இடத்தில் விளக்கு எரிகிறதா பாருங்கள். பிறகு ஐ.பி. எண்ணைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து எண் கிடைக்கவில்லை என்று பொருள். மின்தடைக்குப் பின் இந்த எண் மாறிவிடுவதும் உண்டு. எனவே எண்ணை வைத்து இணைக்காமல் கம்ப்யூட்டரின் பெயரை வைத்து இணைப்பது நல்லது.

3. புதிய ரௌட்டர் வைத்தால் விண்டோஸ் அதை அந்நிய இடமாகக் கருதி 'பப்ளிக்' என்று குறித்துக்கொண்டு, பகிர்வதைத் தடுக்கும். எங்கள் கோளாறும் இதுவே. 'பிரைவேட்' என்று மாற்றி, அதில் மட்டும் ஃபைல், பிரிண்டர் பகிர்வை அனுமதித்தால் போதும். ஃபயர்வாலை நிறுத்த வேண்டியதே இல்லை.

4. பாஸ்வேர்டு கேட்டால், கம்ப்யூட்டரைத் திறக்கும் 'பின்' எண் செல்லாது. அந்தக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டே வேண்டும். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், மற்றக் கம்ப்யூட்டர்களில் பதிந்திருக்கும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதைக் கொடுங்கள்.

5. ஃபோல்டருக்குப் பூட்டு இரண்டு. பகிர்வு அனுமதி வெளிக்கதவு. ஃபோல்டரின் சொந்த அனுமதி உள்ளறைக் கதவு. இரண்டும் திறந்தால்தான் உள்ளே போகலாம். யாருக்கு வேலையோ அவருக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

பழைய கம்ப்யூட்டருக்காக 'எஸ்.எம்.பி. 1' என்னும் பழைய முறையைத் திறந்துவிடச் சிலர் சொல்வார்கள், இணங்காதீர்கள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்னும் வைரஸ் அந்த வழியாகவே கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அதைத் தடுக்கும் திருத்தம் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள் அகப்பட்டார்கள்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதானால் ரௌட்டரிலுள்ள 'கெஸ்ட்' வசதியைத் தனியே கொடுங்கள். தினமும் கணக்கைத் தனி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றிப் பெட்டியில் வையுங்கள்.

சாவி தொலைந்தால் சாவியைத் தேடுவோம். கடைக்கதவைக் கழற்றி வைப்போமா? கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான்.