மணிக்கட்டுக்கு ஒரு துணிப்பட்டை

கேள்வி: கொல்லிமலையில் செம்மேட்டுக்குப் பக்கத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வெட்டியதுபோக மிஞ்சும் துண்டுத் துணிகள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டன. மிளகு பறிக்க மரமேறும் எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சட்டைக் கை வழியாக முசுறு எறும்பு புகுந்து கடிப்பதால், மணிக்கட்டில் கட்டிக்கொள்ள அந்தத் துண்டுகளில் ஒரு பட்டை தைத்தேன். இரண்டே நாளில் அது தொளதொளத்துப் புறங்கைக்கு இறங்கிவிட்டது; உள்ளே இருக்கும் தையலும் தோலை அராவுகிறதாம். எலாஸ்டிக் வைத்தால் சரியாகுமா? அளவு எப்படி எடுப்பது?
— ஒரு வாசகி, கொல்லிமலை

பதில்: எலாஸ்டிக் வேண்டாம், சகோதரி. இறுக்கி வைத்தால் பறிப்பு முடியும்வரை கையை நெரிக்கும். தளர்த்தி வைத்தால் முசுறுக்கு வழிவிடும். எப்படி வைத்தாலும் சில சலவைகளுக்குப்பின் தளர்ந்துபோகும். தங்கள் பட்டை கெட்டதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று துணியின் திசை. மற்றொன்று கையின் வடிவம்.

ரவிக்கை உடம்போடு ஒட்டி நிற்கவேண்டும் என்று நாம் கிராஸாக வெட்டும்போது மிஞ்சுகிற முக்கோணத் துண்டுகளே சாக்கில் பெரும்பாலும் இருக்கும் என்பதும், அவற்றின் நீண்ட ஓரத்தையே பட்டையின் நீளமாக வைத்துக்கொள்ள யாருக்கும் ஆசை வரும் என்பதும் இயற்கை. ஆனால் அந்த ஓரம் பாவோடும் போகாமல் ஊடையோடும் போகாமல் இரண்டுக்கும் நடுவே சாய்ந்து ஓடுவதால், ரவிக்கைக்கு எவ்வளவு உபகாரமோ அவ்வளவு அபகாரத்தை அது மணிக்கட்டுப் பட்டைக்குச் செய்கிறது. இழுக்க இழுக்க நீளும். நீண்டது முழுவதும் திரும்பாது.

அதற்காக அந்தத் துண்டுகளைக் குப்பையில் சேர்க்கவேண்டிய அவசியமில்லை. வீட்டில் பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய பருத்தி வேஷ்டி இருக்குமானால், அதன் பாவு நூல் கையைச் சுற்றி வரும்படி அடித்துணி வெட்டிக்கொண்டு, இழுப்பைத் தாங்கும் பொறுப்பு முழுவதையும் அதனிடம் ஒப்படைத்து, துண்டுகளை அதன்மேல் போர்வையாக மட்டும் தைத்துவிட்டால், எந்தக் கோணல் துண்டும் பிரயோஜனப்படும். கரை கிழிந்துபோன வேஷ்டியில் பாவு எது, ஊடை எது என்று சந்தேகம் வந்தால், இரண்டு கையாலும் பிடித்து இரு திசையிலும் இழுத்துப் பாருங்கள்: குறைவாக விட்டுக்கொடுப்பதே பாவு. அந்தத் திசையில் ஒரு நூலை உருவி எடுத்தால் துணியில் ஒரு மெல்லிய தடம் விழும். கத்தரி அந்தத் தடத்திலேயே போகட்டும்.

அளவை ஒரே இடத்தில் எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முன்கை உருளை அல்ல. முழங்கையை நோக்கிப் போகப்போகப் பருப்பது. நேரான பட்டையைச் சுற்றினால் மேல் விளிம்பு அழுத்தும், கீழ் விளிம்பு வாய் திறந்து நிற்கும், பட்டை மெலிந்த பக்கமாக நழுவும். ஆகையால் சட்டைக் கையின் மேலாகவே, மணிக்கட்டு எலும்பை ஒட்டி ஓர் அளவும், அங்கிருந்து 2½ அங்குலம் மேலே ஏறி இன்னோர் அளவும் எடுங்கள். முதலாவது 6½, இரண்டாவது 7½ என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றோடும் துணியின் கனத்துக்கு ¼, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு 1¼, இருபுறத் தையலுக்கு 1 அங்குலம் கூட்டினால், கீழ் விளிம்பு 9, மேல் விளிம்பு 10 என்று வரும். அகலம் தையலுக்கும் சேர்த்து 3½. இதைத் தாளில் வரையும்போது இரு விளிம்புகளும் வில்லைப்போல நடுவில் அரை அங்குலம் மேலே வளைந்திருக்கட்டும்; அந்த வளைவுதான் பட்டையை அதன் இடத்தில் நிறுத்துவது.

வில் என்றதும் தங்கள் ஊர் நினைவுதான் வருகிறது. யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிக் கடைசியில் உடும்பில் தைத்த, தங்கள் மலையை ஆண்ட ஓரியின் அம்பைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார் அல்லவா? வடமொழியில் கோதா என்னும் ஒரே சொல் அந்த உடும்பையும் குறிக்கும். நாண் உராயாமல் வில்லாளி இடக்கையில் கட்டிக்கொள்ளும் தோற்காப்பையும் குறிக்கும். ஜப்பானிலோ தேயிலை பறிக்கும் பெண்கள் அவுரிச் சாயம் ஏற்றிய பருத்தித் துணியில், மணிக்கட்டோடு புறங்கையையும் மூடும் ‘தெக்கோ’ என்ற உறையை அணிவது நெடுநாளைய வழக்கம். தாங்கள் செய்யத் துணிந்த காரியம் சின்னது என்று ஒருநாளும் நினைக்கவேண்டாம்.

இனித் தையல். துண்டுகளை முதலில் நனைத்துக் காயவைத்து, சாயம் இறங்குவதை ஒதுக்குங்கள். பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது; சந்தேகமான துணியில் ஒரு நூலை உருவிச் சுடரில் காட்டினால் பருத்தி எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். அடித்துணியின் நடுவில் ஒரு துண்டை முகம் மேலாக வைத்து, அடுத்ததை அதன்மேல் முகத்தோடு முகம் படிய வைத்து, ஓரத்தில் தைத்துப் புரட்டி, இஸ்திரியால் அழுத்துங்கள். இப்படியே இருபுறமும் போய்த் துணி நிறைந்ததும், தாள் அளவுக்கு ஒழுங்கு செய்யுங்கள். தோலைத் தொடும் உள்துணி மட்டும் ஒட்டு இல்லாத ஒரே துண்டாக, அதே வேஷ்டியிலிருந்து வரட்டும். மேல்பக்கத்தையும் உள்துணியையும் முகத்தோடு முகம் வைத்து, 1½ அங்குல வாய் விட்டுச் சுற்றிலும் அரை அங்குலத்தில் தைத்து, நான்கு மூலைகளையும் கத்தரித்து, வளைவில் சின்னச் சின்ன வெட்டுகள் கொடுத்துப் புரட்டிவிட்டால், அராவிய தையல்கள் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். மூலையைத் தள்ள ஊசியோ கத்தரி முனையோ கூடாது. மழுக்கிய மூங்கில் சீவல் போதும். பிறகு விளிம்பை ஒட்டிச் சுற்றிலும் ஒரு மேல்தையல். விட்ட வாயும் அதிலேயே மூடிக்கொள்ளும்.

மாட்டுவதற்கு நாடாவும் வேண்டாம். ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த கொடியில் கைவிட்டுப் பறிக்கிறவருக்குத் தொங்குகிற நாடா எங்கே சிக்கும் என்று சொல்லமுடியாது. வெல்க்ரோவில் தூசும் மரப்பட்டைச் சிராயும் ஏறிப் பிடிப்புப் போய்விடும். மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சட்டைப் பொத்தான்கள் புறங்கைப் பக்கத்தில் இருக்கட்டும். காஜாவை மிஷினில் எடுக்க வசதியில்லையானால், மூன்று அடுக்கையும் பிடித்து நெருக்கமாகக் கையாலேயே எடுங்கள். இரட்டை நூல் போடுங்கள். பொத்தானை ஒற்றைக் கையால் மாட்டவேண்டியிருப்பதால் காஜா பொத்தானைவிடச் சிறிது நீளமாக இருப்பது சௌகரியம். முதல் பட்டையைக் கையில் கட்டிப் பார்த்த பிறகே பொத்தானின் இடத்தைக் குறிப்பது நல்லது.

இரண்டு கைக்கும் ஒரே தாள்தான். ஆனால் இரண்டாவது பட்டைக்குத் தாளைத் திருப்பிப் போட்டு வெட்டுங்கள், காஜா அந்தந்தக் கைக்கு ஏற்ற பக்கத்தில் அமையும். வீட்டு ஆண்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தாள் வெட்டிப் பெயரெழுதி மிஷின் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்தால், அடுத்த தை மாதம் மறுபடியும் அளவெடுக்க அவர்களைத் தேடி அலையவேண்டியிராது.