யாங்கி: ஒரு பட்டப்பெயரின் பயணம்

அமெரிக்கரை உலகின் பல பகுதிகளில் 'யாங்கி' என்று அழைப்பர். சில வேளைகளில் அன்போடும், பல வேளைகளில் ஏளனத்தோடும் ஒலிக்கும் இச்சொல், தோன்றிய காலத்தில் அமெரிக்கர் அனைவரையும் குறிக்கவில்லை.

இன்றைய நியூயார்க் நகரம், 1664இல் ஆங்கிலேயர் கைப்பற்றும்வரை 'நியூ ஆம்ஸ்டர்டாம்' என்னும் டச்சுக் குடியேற்றமாக இருந்தது. டச்சு மொழியில் 'யான்' என்பது பரவலான ஆண்பெயர். அதன் செல்ல வடிவமாகிய 'யான்கே' என்பதே 'யாங்கி' ஆயிற்று என்பர் அறிஞர் பலர். 'பாலாடைக்கட்டி யான்' என்னும் கேலிப்பெயரின் திரிபு என்பாரும் உளர். 'ஆங்கிலேயர்' என்பதைக் குறிக்கும் சொல்லைப் பூர்வகுடியினர் ஒலித்த முறையே இது என்றும் ஒரு கதை உண்டு. கேட்க இனிதாயினும் அதற்கு வலுவான சான்று இல்லை.

1758இல் பிரிட்டிஷ் படைத்தலைவர் ஜேம்ஸ் உல்ஃப், தம் கீழிருந்த நியூ இங்கிலாந்து வீரரை இப்பெயரால் குறிப்பிட்டார். அதில் மதிப்பு இல்லை. குடியேற்றத்தாரை நகையாட, பிரிட்டிஷ் வீரர் 'யாங்கி டூடுல்' என்னும் பாடலையும் பாடினர். 1775இல் விடுதலைப் போர் மூண்டதும், நகைக்கப்பட்டவர்களே அப்பாடலைத் தமதாக்கிக்கொண்டு பெருமையுடன் பாடினர். 1978இல் கனெக்டிகட் மாநிலம் அதனையே தன் மாநிலப் பாடலாக ஏற்றது!

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், தென் மாநிலத்தார் தம் பகைவராகிய வடவரை வெறுப்புடன் 'யாங்கி' என்றனர். ஆனால் 1917இல் அமெரிக்கப் படை முதல் உலகப் போரில் இறங்கியபோது, அதிலிருந்த தென் மாநில வீரரையும் பிரிட்டிஷார் 'யாங்க்' என்றே அழைத்தனர். வட இந்திய நகரங்களில் தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடர் அனைவரையும் 'மதராசி' என்பது இதனை ஒத்ததே. மதராஸ் மாகாணம் மறைந்த பின்னும் அப்பெயர் மறையவில்லை. தொலைவில் நிற்பவர் கண்ணுக்கு வேறுபாடுகள் தெரிவதில்லை போலும்.

இன்றும் வெளிநாட்டவருக்கு அமெரிக்கர் எல்லாரும் யாங்கியரே. தென் மாநிலத்தாருக்கு வடவர் யாங்கியர். வடவருக்கோ நியூ இங்கிலாந்தினர் மட்டும். நியூ இங்கிலாந்தினரைக் கேட்டால், அவர்கள் வெர்மான்ட் மாநிலத்தாரைக் கைகாட்டுவர் என வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

அருஞ்சொற்பொருள்: ஏளனம் – இகழ்ச்சி, திரிபு – மாறிய வடிவம், நகையாடுதல் – கேலி செய்தல்.

பயிற்சி
1. தென் மாநில வீரருக்கு 'யாங்க்' என்னும் பெயர் எவ்வாறு ஒலித்திருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.
2. உம்மையோ உம் பெற்றோரையோ யாரேனும் 'மதராசி' என்று அழைத்ததுண்டா? அழைத்தவர் அச்சொல்லால் எதைக் கருதினார்? வீட்டாருடன் பேசி எழுதுக.